பழைய மாணவர் பட்டியலில் இல்லாத பெயர்கள்



கல்லூரியில் பயின்று வெளியேறிப் பல்லாண்டுகள் கழிந்தபின் ஒருநாள் தபாலில் ஓர் உறை வந்து சேருகிறது. மேற்புறத்தில் கல்லூரியின் இலச்சினை. உள்ளே பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு விழா அழைப்பு. அதன் அடியில், சற்றே சிறிய எழுத்துகளில், கட்டட நிதிக்கான வேண்டுகோள். இந்நாளில் உறையின் இடத்தைக் கைப்பேசிச் செய்தி பிடித்துக்கொண்டது. வேண்டுகோள் மட்டும் மாறவில்லை. பட்டம் பெற்ற பிள்ளைகள் உள்ள வீடுகள் யாவும் இதனை அறியும். விழாவுக்குச் செல்கிறோம், தலை நரைத்த ஆசிரியரைக் கண்டு கை கூப்புகிறோம், மதிய உணவு உண்டு, படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். இயன்றவர் நன்கொடை தருகின்றனர். இயலாதவர் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம் என்று உறையை மடித்து வைத்துவிடுகின்றனர்.

ஒரு கல்வி நிலையத்துக்கும் அதன் பழைய மாணவர்க்கும் உள்ள உறவு இவ்வளவுதானா? சமுதாய நலனுக்காக அவ்விரு சாராரும் நீண்டகாலப் பங்காளிகளாய் நின்று உழைக்க இயலுமா? இயலுமெனில் அப்பங்கில் யார் யாரைக் கேள்வி கேட்பது? இவ்வினாக்களை எண்ணிப் பார்க்கும்போது, அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நிகழ்ந்தவை என் நினைவுக்கு வருகின்றன. அவற்றை இத்திங்கள் விரிவாகவே எழுத விழைகிறேன். இடையில் சற்றுச் சுற்றுவழி செல்ல நேரிடும், பொறுத்தருள்க.

பழைய மாணவரைச் சங்கமாகத் திரட்டும் வழக்கம் அந்நாட்டில்தான் பெரிதாய் வேரூன்றியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ் கல்லூரி என ஒன்று உண்டு. 1821 ஆம் ஆண்டில் அதன் தலைவர், மாணவர் சிலரையும் உடன் அழைத்துக்கொண்டு, ஆமர்ஸ்ட் என்னும் ஊரில் புதிதாய்த் தொடங்கப்பட்ட கல்லூரிக்குச் சென்றுவிட்டார். வில்லியம்ஸ் கல்லூரி இனித் தழைக்காது, மூடப்பட்டுவிடும் என்ற பேச்சு எழுந்தது. அவ்வேளையில் அங்கே படித்து வெளியேறியிருந்தவர்கள் கூடித் தம் கல்லூரி அழியலாகாது என்று ஒரு சங்கம் கண்டனர். அந்நாட்டின் முதல் பழைய மாணவர் சங்கம் அதுவே. கல்லூரி பிழைத்தது; இன்றும் நடக்கிறது. பின்னர் 1890 ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தார், ஆண்டுதோறும் பழைய மாணவர் அனைவரிடமும் சிறிதும் பெரிதுமாக நிதி திரட்டும் முறையை ஏற்படுத்தினர். பெருஞ்செல்வர் ஒருவர் கட்டடம் எழுப்பித் தம் பெயரைக் கல்லில் பொறித்துக்கொள்வது அதற்கு முன்னிருந்த வழக்கம். பலர் சேர்ந்து ஆண்டுதோறும் கொடுப்பது புதிய வழக்கமாயிற்று.

இம்முறை இயங்கும் விதம் எளியது. ஒரே ஆண்டில் பட்டம் பெற்றோர் அனைவரும் வாழ்நாள் முழுதும் ஒரு வகுப்பாகவே கருதப்படுவர். அவ்வகுப்புக்கு ஒரு பிரதிநிதி. அவர் தம் தோழர்க்குக் கடிதம் எழுதி நினைவூட்டுவார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒன்றுகூடல். பணமன்றி வேறு உதவிகளும் கேட்கப்படும். புதிதாய்ச் சேர விண்ணப்பிக்கும் இளைஞரை அவரவர் ஊரில் உள்ள பழைய மாணவரே நேரில் கண்டு பேசி அறிக்கை அனுப்புவர். படிப்பை முடிப்போர்க்கு வேலை தேட வழிகாட்டுவர். ஆட்சிக் குழுவில் அமர்வர். இவற்றுக்கெல்லாம் கைம்மாறாகப் பல பல்கலைக்கழகங்கள் ஒரு சலுகையும் அளித்து வந்தன. பழைய மாணவரின் பிள்ளைகள் விண்ணப்பித்தால் அவர்களுக்குச் சற்றே முன்னுரிமை! இச்சலுகையை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இதனிடம் திரும்பி வருவோம்.

இம்முறையால் நன்மை விளையவில்லை என்று சொல்ல மாட்டேன். ஏழை மாணவர் பலர் இத்தகைய நிதிகளால் படித்திருக்கின்றனர். எனினும் இவ்வுறவில் ஒரு குறை உண்டு. பல்கலைக்கழகம் தன் மாணவனிடம் கேட்கும். மாணவன் தன் பல்கலைக்கழகத்திடம் எதுவும் கேட்கமாட்டான். பெற்ற தாயிடம் கணக்குக் கேட்பதா என்ற கூச்சம் அதற்குக் காரணமாயிருக்கலாம். தங்கள் கல்லூரியை அவர்கள் வளர்ப்புத் தாய் என்றே இலத்தீனில் அழைப்பது வழக்கமன்றோ!

இக்கூச்சத்தை உடைத்தவர் பழைய மாணவர் ஒருவரல்லர். கல்வி நிலையங்களின் தரப்பில் நின்ற ஒரு குரு. 1973 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31 ஆம் நாள், புனித இஞ்ஞாசியார் திருநாளன்று, ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரில் ஐரோப்பியச் சேசு சபைக் கல்வி நிலையங்களின் பழைய மாணவர் மாநாடு கூடியது. வந்திருந்தோர் பெரும்பாலும் வசதி படைத்தோர். நாட்டில் நல்ல நிலையில் இருந்தோர். அவர்கள் முன் பேசியவர் சேசு சபையின் உலகத் தலைவர் பேத்ரோ அருப்பே அடிகளார். ஹிரோஷிமா நகர்மீது அணுகுண்டு விழுந்த நாளில் அந்நகரின் எல்லையில் நவசந்நியாசிகளின் தலைவராய் இருந்து, காயமுற்றோர்க்கு மருத்துவம் செய்த பெருமகனார் அவர். மாநாட்டில் பாராட்டுரையை எதிர்பார்த்தோர்க்கு வேறொன்று கிடைத்தது. நாங்கள் உங்களை நீதிக்காக வளர்த்தோமா என்று அவர் தம்மையும் தம் சபையையுமே கேட்டுக்கொண்டார். இல்லை என்று தாமே விடையும் கூறினார். இனிமேல் பிறர்க்காக வாழும் மாந்தரை உருவாக்குவதே எங்கள் கல்வியின் நோக்கம் என்றார். அதற்குப் பழைய மாணவராகிய நீங்களும் எங்களோடு சேர்ந்து மறுபடியும் கற்க வேண்டும் என்று அழைத்தார். கேட்டோரில் பலர்க்கு அது கசந்தது. ஆயினும் அவ்வுரை சேசு சபைக் கல்வி நிலையங்கள் அனைத்திலும் இன்றளவும் பேசப்படுகிறது. திருச்சியிலும் சென்னையிலும் பாளையங்கோட்டையிலும் அச்சபையாரிடம் பயின்ற நம் வாசகர் சிலரும் அதனைக் கேள்வியுற்றிருக்கக்கூடும்.

அவர் ஏன் அவ்வளவு கவலையுற்றார்? பதினாறு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த ஒரு கொடுமையை மட்டும் சொல்கிறேன். எல் சால்வதோர் நாட்டு மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகத்தில் 1989 நவம்பர் 16 ஆம் நாள் விடியுமுன் இராணுவத்தினர் புகுந்து, ஆறு சேசு சபைக் குருக்களையும், அங்குச் சமையல் பணி செய்த அம்மையாரையும், அவருடைய இளவயது மகளையும் சுட்டுக் கொன்றனர். படையை நடத்திச் சென்ற இளம் அதிகாரிகளுள் ஒருவர், அந்நகரில் சேசு சபையார் நடத்திய பள்ளியின் பழைய மாணவர். கொல்லப்பட்ட குருக்களுள் ஒருவரான செகுந்தோ மோன்டெஸ் அடிகளார் அப்பள்ளியின் தலைவராயிருந்தவர். பழைய மாணவர் என்ற சொல்லுக்குத் தானாக ஒரு புனிதம் வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி முதலிற் கூறிய பல்கலைக்கழகத்துக்கு வருவோம். வாஷிங்டன் நகரில் பொட்டோமாக் ஆற்றை நோக்கிய மேட்டின்மேல் நிற்பது ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம். 1789 ஆம் ஆண்டில் ஜான் கரோல் ஆண்டகையால் நிறுவப்பட்டது. அந்நாட்டுக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் அதுவே மூத்தது. சேசு சபையார் வளர்த்தது. அதன் தொடக்க காலத்தில் சபையாருக்கு மேரிலாந்து மாநிலத்தில் பெரும் புகையிலைத் தோட்டங்கள் இருந்தன. அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க வழிவந்த அடிமைகள். ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஞாயிறு தோறும் திருப்பலி கண்டவர்கள், தங்களுக்கு உடைமையாளராயிருந்த அதே குருக்களின் கையிலிருந்து நற்கருணை வாங்கியவர்கள். இதனை எழுதும்போது என் பேனா சற்று நின்றுதான் நகர்கிறது.

1838 ஆம் ஆண்டில் கல்லூரி கடனில் மூழ்கியிருந்தது. கல்லூரியின் தலைவராய் இருந்து, பின் மாநில அதிபராகிய தாமஸ் மல்லடி என்னும் குரு, அவ்வாண்டு ஜூன் 19 ஆம் நாள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதன்படி 272 ஆடவர், பெண்டிர், குழந்தைகள் 1,15,000 டாலருக்கு விற்கப்பட்டனர். வாங்கியோர் தெற்கே லூயிசியானா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஒருவரும் மற்றொரு தோட்ட முதலாளியும். முதற்கட்டமாகக் கிடைத்த 25,000 டாலரில் 17,000 டாலர் கல்லூரியின் கடனை அடைக்கப் போயிற்று. உரோமையிலிருந்த சபைத் தலைவர் இவ்விற்பனைக்கு இசைவளித்தபோது நிபந்தனைகள் விதித்திருந்தார்: குடும்பங்களைப் பிரிக்கலாகாது, அவர்கள் தங்கள் மறையைக் கடைப்பிடிக்க வசதி செய்யப்பட வேண்டும், பணத்தைக் கடன் அடைக்கப் பயன்படுத்தலாகாது. இந்நிபந்தனைகள் காற்றில் பறந்தன. அதே ஆண்டு நவம்பரில் கேத்தரின் ஜாக்சன் என்ற கப்பல் ஏறத்தாழ 130 பேரைச் சுமந்து புறப்பட்டு, டிசம்பர் 6 ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் துறையை அடைந்தது. மல்லடி பதவியிழந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். ஆனால் சில ஆண்டுகளில் திரும்பிவந்து மீண்டும் அக்கல்லூரிக்கே தலைவரானார். பிற்காலத்தில் ஒரு மாணவர் விடுதிக் கட்டடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இவை யாவும் மறைத்து வைக்கப்பட்டவை என்று எண்ண வேண்டா. சபையின் ஆவணங்கள் பல்கலைக்கழக நூலகத்திலேயே இருந்தன. ஆய்வாளர் அவற்றைப் பயின்று நூல்கள் எழுதினர். 1990களில் அப்பல்கலைக்கழகத் துறை ஒன்று அத்தோட்டங்கள் பற்றிய ஆவணங்களை மாணவர் காணும்படி வெளியிட்டும் இருந்தது. ஆகவே விற்பனை நடந்தது தெரியும், விலை தெரியும், பெயர்ப் பட்டியலும் தெரியும். அவர்கள் என்ன ஆனார்கள், அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று எங்கே இருக்கின்றனர் என்ற கேள்விதான் எழவில்லை.

2015 ஆம் ஆண்டில் மல்லடியின் பெயர் தாங்கிய கட்டடம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட இருந்தது. அவ்வேளையில் பல்கலைக்கழகத் தலைவர் ஜான் டிஜோயா இவ்வரலாற்றை ஆராய ஒரு குழு அமைத்தார். அவரும் அப்பல்கலைக்கழகத்தின் பழைய மாணவரே. அதற்குத் தலைவரான முதற் பொதுநிலையினர். நவம்பரில் மாணவர்கள் அவர் அலுவலக வாயிலில் அமர்ந்து மறியல் செய்தனர். பெயர் நீக்கப்பட்டது. செய்தித்தாள்களில் இச்செய்தி வந்தது. பெரும்பாலும் இத்தகைய விவகாரங்கள் பெயர்ப் பலகை மாற்றத்தோடு முடிந்துபோவதே வழக்கம்.

இங்கே அவ்வாறு முடியவில்லை. அதற்கு ஒரு பழைய மாணவர் காரணமானார். ரிச்சர்ட் செல்லினி என்பவர் 1980களில் ஜார்ஜ்டவுனில் பயின்றவர். மாசசூசெட்ஸில் தொழில்நுட்ப நிறுவனம் நடத்தியவர். திருச்சபைக் கடமைகளைத் தவறாது செய்யும் கத்தோலிக்கர். வரலாற்று ஆய்வாளரும் அல்லர், போராட்டக்காரரும் அல்லர். செய்தியைப் படித்தவர் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஒருவர்க்கு எழுதிக் கேட்டார்: விற்கப்பட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது? அவர்கள் அனைவரும் லூயிசியானாவின் சதுப்பு நிலத்தில் காய்ச்சலால் விரைவில் மாண்டுபோயினர் என்று பதில் வந்தது.

அப்பதிலை அவர் நம்பவில்லை. இருநூற்றுக்கு மேற்பட்டோர், அவர்களுள் குழந்தைகள் பலர், ஒருவர்கூட எஞ்சாமல் மடிந்தனரா? கணக்கு அறிந்த மனம் அதனை ஏற்க மறுத்தது. எத்தனையோ பழைய மாணவர்கள் அவ்வாண்டில் அதே செய்தியைப் படித்திருப்பர்; வருந்தியும் இருப்பர். இவர் மட்டும் அப்பதிலைச் சரிபார்க்கத் துணிந்தார். வம்சவரலாறு ஆராய்வோர் எண்மரைக் கூலிக்கு அமர்த்தினார். உடன் பயின்றவர்களிடம் கையேந்தி 10,000 டாலருக்கு மேல் திரட்டினார். ஜார்ஜ்டவுன் நினைவுத் திட்டம் என்று தம் முயற்சிக்குப் பெயரிட்டார். பல்கலைக்கழகத்தின் அனுமதியையோ நிதியையோ எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஆண்டுக்கு என்னைப் பதவியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று ஓர் ஆசிரியர் அஞ்சலாம். மதிப்பெண் குறையுமோ என்று மாணவன் அஞ்சலாம். பட்டம் பெற்றுப் பல்லாண்டாகி வெளியே நிற்பவனுக்கு அவ்வச்சம் ஏது? அதே வேளையில் அவன் அந்நியனும் அல்லன். வீட்டில் பிறந்து வேறு ஊரில் வாழும் மூத்த பிள்ளையைப் போன்றவன். வீட்டின் கணக்கைக் கேட்க உரிமையுள்ளவன்.

தேடியபோது கிடைத்தவை வியப்பூட்டுவன. பொதுவாக அந்நாட்டு அடிமைகளின் வழித்தோன்றல்களைக் கண்டறிவது மிகக் கடினம். ஏனெனில் பழைய ஏடுகளில் குடும்பப் பெயர் இராது, வயதும் விலையுமே இருக்கும். இங்கோ சபையார் ஒவ்வொருவரின் பெயரையும் குடும்பப் பெயரோடு எழுதி வைத்திருந்தனர்: ஹாக்கின்ஸ், பட்லர், குவீன், மஹோனி, ஹில். கணக்கெழுதும் கவனம் மனிதரை விற்கவும் துணை செய்தது. பின்னாளில் அவர்களைத் தேடவும் துணை செய்தது. இரண்டாவது காரணம் நம் வாசகர்க்கு நன்கு விளங்கும். அம்மக்கள் தங்களை விற்ற திருச்சபையை விட்டு விலகவில்லை! லூயிசியானாவிலும் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஞானஸ்நானம் கொடுத்தனர். குருவின் முன் மணம் புரிந்தனர். கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெற்றனர். ஆகவே பங்குகளின் பதிவேடுகளில் அவர்களுடைய பெயர்கள் இருந்தன.

பங்குப் பதிவேடு என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பேத்தியின் திருமணத்திற்காகப் பாட்டனாரின் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டிப் பங்கு இல்லத்து வாயிலில் காத்திருந்திருக்கிறோம். நானும் ஒருமுறை அவ்வாறு காத்திருந்து, செல்லரித்த ஏட்டை உபதேசியார் மெல்லப் புரட்டுவதையும், மங்கிய மையில் பெற்றோர் பெயரும் ஞானத்தாய் தந்தையர் பெயரும் வரிசையாய் நிற்பதையும் கண்டதுண்டு. அத்தகைய ஏடுகளைத்தான் அங்கே புரட்டினர். நகர நீதிமன்ற ஆவணங்கள், கப்பல் பட்டியல், மக்கள்தொகைக் கணக்கு ஆகியவற்றோடு ஒப்பிட்டனர்.

விற்கப்பட்ட நாளில் பதின்மூன்று வயதுச் சிறுவனாயிருந்த கொர்னேலியுஸ் ஹாக்கின்ஸ் என்பவரின் வாழ்வு இவ்வாறு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. அவர் காய்ச்சலில் மாண்டுவிடவில்லை. அடிமைத்தனம் ஒழிந்த நாளைக் கண்டார். தம் மனைவியோடு குருவின் முன் நின்று திருமண வாக்குறுதியைப் புதுப்பித்தார். 1902 ஆம் ஆண்டில் இறந்தார். லூயிசியானாவின் மரிங்குவின் என்னும் சிற்றூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது. அவருடைய வழித்தோன்றல்கள் அவ்வூரிலும் அண்டை ஊர்களிலும் வாழ்ந்து வந்தனர், கத்தோலிக்கராகவே வளர்ந்தனர். தங்கள் முன்னோரை விற்றவர் யார் என்பது 2016 ஆம் ஆண்டுவரை அவர்களுக்குத் தெரியாது. ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்: ஞாயிறு திருப்பலி கண்டு வீடு திரும்பிய ஒரு குடும்பத்தாரைத் தொலைபேசியில் அழைத்து இச்செய்தியைச் சொன்னால் அவர்கள் நெஞ்சில் என்ன ஓடியிருக்கும்?

இறந்துபோயினர் என்று சொல்லப்பட்டோரின் சந்ததியார் பல ஆயிரவர் என்று கண்டறியப்பட்டது. பட்டியலில் இருந்தோர் அனைவரும் தெற்கே செல்லவில்லை, சிலர் தப்பியோடினர், சிலர் மேரிலாந்திலேயே தங்கிவிட்டனர் என்பதும் தெரியவந்தது. 2016 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் இதழ் இவ்வரலாற்றை விரிவாக வெளியிட்டது. அவ்வாண்டிலேயே டிஜோயா லூயிசியானா சென்று சந்ததியாரை நேரில் கண்டார்.

செப்டம்பர் முதல் நாள் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு வந்தது. மன்னிப்பு வேண்டும் வழிபாடு நடைபெறும். கட்டடங்களுக்குப் புதுப்பெயர் சூட்டப்படும். விற்கப்பட்டோரின் சந்ததியார் சேர்க்கைக்கு விண்ணப்பித்தால், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு அளிக்கப்படும் அதே கவனம் அவர்களுக்கும் அளிக்கப்படும்.

முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன சலுகை இங்கே வந்துவிட்டது. இவ்வறிவிப்பைப் பற்றி எனக்கு இரு மனம். ஒருபுறம் பார்த்தால், இதில் ஆழ்ந்த பொருள் உண்டு. அவர்களுடைய உழைப்பும் உடலும் விலையாகித்தான் அக்கல்லூரி நிலைத்தது; எனவே அவர்களும் அதன் குடும்பத்தவரே என்று முதன்முறையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. மறுபுறம் பார்த்தால், பழைய மாணவர் பிள்ளைகளுக்கான முன்னுரிமையே நீதியானதா என்ற கேள்வி உண்டு. பாட்டன் படித்தான் என்பதற்காகப் பேரனுக்கு இடம் என்றால், பாட்டனைப் படிக்கவிடாத குடும்பங்கள் என்றும் வெளியேதான் நிற்கும். அடிமைகளின் தோட்டங்கள் இருந்த அதே மேரிலாந்து மாநிலம், 2024 ஆம் ஆண்டில் தன் எல்லைக்குட்பட்ட பல்கலைக்கழகங்களில் இம்முன்னுரிமையைச் சட்டத்தால் தடைசெய்தது. அநீதிக்குப் பரிகாரமாக ஒரு சலுகையைப் பங்கிட்டுக் கொடுத்தனர். அச்சலுகையே பிறிதொரு அநீதியின் கிளை. மனித நிலையங்கள் பரிகாரம் தேடும்போது கையில் கிடைத்த கருவியைத்தான் எடுக்கின்றன போலும்.

அறிவிப்பு நாளன்றே சந்ததியார் சிலர் மண்டபத்தில் எழுந்து, எங்களைப் பற்றிய முடிவை எங்களைக் கலக்காமல் எடுத்தீர்களே என்று முறையிட்டனர். அவர்கள் கேட்டது நியாயமன்றோ! அடுத்த ஆண்டு, 2017 ஏப்ரல் 18 ஆம் நாள், பல்கலைக்கழகத்தில் மன்னிப்பு வழிபாடு நடந்தது. சேசு சபையின் சார்பில் திமோத்தி கெசிக்கி அடிகளார் சந்ததியாரின் முன் நின்று மன்னிப்பு வேண்டினார். மல்லடியின் பெயரிருந்த கட்டடம், விற்பனை ஒப்பந்தப் பட்டியலில் முதற்பெயராய் நின்ற ஐசக் ஹாக்கின்ஸ் பெயரைப் பெற்றது. மற்றொரு கட்டடம், 1827 ஆம் ஆண்டில் அவ்வட்டாரத்தில் கறுப்பினப் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிப் பின்னர் கன்னியர் மடம் புகுந்த ஆன் மேரி பெக்ராஃப்ட் பெயரைப் பெற்றது.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை எவையென்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தோம். நினைவுகூர்தல், மனத்துயர், பிரதிக்கினை, அறிக்கை, இறுதியில் பரிகாரம். முதல் நான்கையும் ஜார்ஜ்டவுன் ஓரளவு செய்து முடித்தது என்றே கொள்வோம். ஐந்தாவதில்தான் நீண்ட இழுபறி. 2019 ஏப்ரலில் அங்குப் பயிலும் இளநிலை மாணவர்கள் ஒரு வாக்கெடுப்பு நடத்தினர். ஒவ்வொருவரும் அரையாண்டுக்கு 27 டாலர் 20 சென்ட் கட்டாயக் கட்டணமாகச் செலுத்தி, அத்தொகை சந்ததியாரின் ஊர்களுக்குச் செல்ல வேண்டும் என்பது தீர்மானம். 272 என்ற எண்ணை அத்தொகையில் வாசகர் கண்டிருப்பர். வாக்களித்தோரில் நூற்றுக்கு 66 பேர் ஆதரித்தனர். நிருவாகம் அதனை அப்படியே ஏற்கவில்லை. ஆண்டுக்கு 4,00,000 டாலர் திரட்டப்படும், ஆனால் கட்டாயக் கட்டணமாக அன்று, பழைய மாணவர் முதலானோர் மனமுவந்து தரும் நன்கொடையாக என்று அவ்வாண்டு அக்டோபரில் அறிவித்தது.

மாணவரிற் பலர் இதனை ஏற்கவில்லை. கடனைத் தருமமாக மாற்றிவிட்டீர்கள் என்பது அவர்களுடைய வாதம். எனக்கும் அவ்வாதத்தில் வலிமை இருப்பதாகவே தோன்றுகிறது. கடைக்காரருக்குத் தரவேண்டிய பாக்கியை நன்கொடையென்று சொல்லிக் கொடுத்தால் அவர் நகைப்பார் அல்லவா? ஆயினும் மறுதரப்பையும் சொல்ல வேண்டும். கட்டணம் அப்போது பயிலும் மாணவர்மீது மட்டுமே விழுந்திருக்கும். கல்லூரியால் வாழ்வு பெற்று, உயர் பதவிகளில் அமர்ந்திருக்கும் பல்லாயிரம் பழைய மாணவர்கள் ஒரு காசும் கொடாது தப்பியிருப்பர். நன்கொடை முறை அவர்களிடமும் கேட்கிறது. கேட்டால் கொடுப்பார்களா என்பது வேறு கேள்வி.

பின்னர் பெருந்தொகைகள் பேசப்பட்டன. 2021 மார்ச்சில் அந்நாட்டுச் சேசு சபையார், சந்ததியாரின் தலைவர்களோடு சேர்ந்து நிறுவிய அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் திரட்டுவதாக வாக்களித்தனர். 2023 ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் 1 கோடி டாலரும், சபையார் 1 கோடியே 70 இலட்சம் டாலரும் அதற்கு அளிப்பதாக அறிவிக்கப்பட்டது. சந்ததியாருள்ளும் இது போதுமா, யார் நிருவகிப்பது என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. இத்தகைய காரியங்களில் ஒருமனப்பாட்டை எதிர்பார்ப்பது பேதைமை.

வம்ச ஆய்வுக்குத் திரட்டிய அந்தப் பத்தாயிரம் டாலரையும், பின்னர் வந்த கோடிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். கோடிகள் வருவதற்கு வாயில் திறந்தது அச்சிறு தொகை. அதைக் கொடுத்த பழைய மாணவர்கள் எவர் பெயரும் எந்தக் கட்டடத்திலும் இல்லை. அவர்கள் வாங்கித் தந்தது ஓர் உண்மையை. பல்கலைக்கழகங்கள் தங்கள் பழைய மாணவரைச் சமுதாயப் பணியில் பங்காளிகளாக்க விரும்பி இன்று பல திட்டங்கள் தீட்டுகின்றன. வழிகாட்டும் குழுக்கள், தொண்டு நாட்கள், ஆலோசனை மன்றங்கள் எனப் பட்டியல் நீளும். அவற்றில் எதுவும் செல்லினியை உருவாக்கவில்லை. அவர் அழைக்கப்படாமல் வந்தார். முதலில் அவ்வளவாக வரவேற்கப்படவும் இல்லை. எனினும் ஜார்ஜ்டவுனைப் புகழ ஒன்றுண்டு: கதவைச் சாத்திவிடவில்லை. ஆவணங்கள் திறந்தே இருந்தன. தலைவர் ஊர் ஊராகச் சென்றார். தவறான பதிலை இறுதிப் பதிலென்று பிடிவாதம் செய்யவில்லை.

2017 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஜார்ஜ்டவுனில் புதிதாய்ச் சேர்ந்த மாணவருள் 63 வயது அம்மையார் ஒருவர் இருந்தார். நியூ ஆர்லியன்ஸ் நகரில் சமையற்கலை வல்லுநராய் வாழ்ந்தவர். குவீன், மஹோனி குடும்பங்களின் வழிவந்தவர். பேரப்பிள்ளைகளை ஒத்த வயதினரோடு வகுப்பில் அமர்ந்தார். அவரைப் போல வேறு சிலரும் சேர்ந்தனர். முற்காலத்தில் விற்பனைப் பட்டியலில் மட்டுமே காணப்பட்ட குடும்பங்கள் இவ்வாறு மாணவர் பட்டியலுக்கும், அதன் வழியே பழைய மாணவர் பட்டியலுக்கும் வருகின்றன. பல்கலைக்கழகத்தின் ஆண்டு நிதி வேண்டுகோள் வழக்கம்போல் அப்பட்டியலில் உள்ள முகவரிகளுக்கெல்லாம் போகும். இலச்சினை பொறித்த உறை ஒருநாள் மரிங்குவின் ஊரில் ஒரு வீட்டு வாயிலிலும் வந்து விழும். அதற்கு அவ்வீட்டார் என்ன எழுதி அனுப்புவர் என்று அறிய எனக்கு ஆவல்.